ஜும்மா நேரத்து அரசியல் விமர்சகன்

இரண்டாயிரங்களின் நடுவில் ஏறக்குறைய மூன்று வருடம் நான் ஒரு வெளிநாட்டு அரசியல் நிபுணனாக இருந்தேன். அந்த நாட்டுக்கு நான் போனதில்லை. என்னிடம் பாஸ்போர்ட்டே கிடையாது. அவர்கள் மொழியில் ‘நன்றி’, ‘சரக்கு தாமதம்’ என்று இரண்டு மட்டும் தெரியும், இரண்டும் ஆபீசுக்கு வரும் ஃபேக்ஸில் பார்த்துக் கற்றவை. இந்தத் தகுதிகளை வைத்துக்கொண்டு வாராவாரம் அந்நாட்டு அதிபரை வலைப்பதிவில் கிழித்துத் தோரணம் கட்டினேன், தமிழில், ஆம்பூரில் உட்கார்ந்துகொண்டு.

நாட்டின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் யாராவது தேடிப் பார்ப்பார்கள். அதிபர் இன்னும் ஆறு மாதம் தாங்கமாட்டார் என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை எழுதியிருக்கிறேன். நான் எழுதுவதை நிறுத்தி வெகுகாலம் கழித்தும் அவர் பதவியில் இருந்தார்.

இந்த வியாதி எனக்குத் தொண்ணூறுகளிலேயே, வேலூரில் கல்லூரி படித்தபோதே தொற்றியது. பத்திரிகைகளுக்கு ஆசிரியர் கடிதம் எழுதித் தள்ளுவேன். வந்தது ஒன்றே ஒன்று. நாட்டின் போக்கைப் பற்றி மூன்று பக்கம் எழுதியிருந்ததில் இரண்டேமுக்கால் பக்கத்தை வெட்டிவிட்டு, பேருந்து நிலையத்தில் குடிநீர்க் குழாய் வேண்டும் என்ற கடைசி வரியை மட்டும் போட்டிருந்தார்கள். குழாயும் வரவில்லை. அதனால் யாரும் வெட்டமுடியாத இடமாக வலைப்பதிவு என்று ஒன்று வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்போது ஆம்பூரை ஒட்டிய ஒரு ஷூ அப்பர் கம்பெனியில் ஏற்றுமதிக் காகிதங்கள் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பர் என்றால் ஷூவின் மேல்பாகம். தோலை வெட்டித் தைத்து அனுப்புவது எங்கள் வேலை, அடி ஒட்டுவது வாங்குகிறவர் பாடு. அந்த நாட்டு ஷூ கம்பெனி ஒன்று எங்களிடம் நிறைய வாங்கியது. அந்த அதிபர் பள்ளிப் பிள்ளைகளுக்கெல்லாம் இலவச ஷூ கொடுத்தார். ஷூவுக்குள்ளே பாதம் படுகிற இடத்தில் அவருடைய கையெழுத்து இருக்கும். அதற்கான அப்பர்தான் எங்கள் கட்டிங் டேபிளில் மலைமலையாகக் குவிந்தது. ஆக, ‘மக்களை மயக்கும் இலவச அரசியல்’ என்று நான் பதினோரு பாகம் எழுதிய தொடரின்போது என் வீட்டில் வெந்த சோறு அந்த இலவசத்திலிருந்து வந்ததுதான். தொடரில் இதை மட்டும் எழுத இடம் போதவில்லை.

அதிபர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு பால்கனியில் நிற்பார். வாரம் ஒருநாள் தொலைக்காட்சியில் மணிக்கணக்காகப் பேசுவார். யாராவது போன் செய்து எங்கள் தெருவில் விளக்கு எரியவில்லை என்றால், அமைச்சரை அங்கேயே நிற்கவைத்துத் திட்டுவார். சனங்கள் அழுதுகொண்டே கைதட்டுவார்கள். இதெல்லாம் ஆங்கிலச் செய்தித் தளங்களில் படித்தது. நம் ஊரில் வளர்ந்தவனுக்கு இதைப் புரிந்துகொள்ள நிபுணத்துவம் ஒன்றும் தேவையில்லை, ஆனால் அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

வாசகர்கள் வேறு மாதிரி புரிந்துகொண்டார்கள். நான் உள்ளூர்த் தலைவரைத்தான் வெளிநாட்டு வேடம் போட்டுத் தாக்குகிறேன் என்று முடிவு கட்டி, ‘என்னமாய் உள்குத்து’ என்று பின்னூட்டம் போட்டார்கள். ஒருவர் எனக்கு ஆட்டோ வரும், ஜாக்கிரதை என்று எச்சரித்தார். நான் நிஜமாகவே அந்த நாட்டைப் பற்றித்தான் எழுதினேன். ஆனால் தைரியசாலி என்று நாலு பேர் சொல்லும்போது மறுக்க யாருக்கு மனம் வரும்? ஒரு சிரிப்புக் குறியைப் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்துகொண்டேன்.

வீட்டில் இந்தப் பருப்பு வேகவில்லை. மனைவி வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளுக்கு வேலூர், எனக்கு ஆம்பூர் என்பதால் நடுவே பள்ளிகொண்டாவில் குடியிருந்தோம். ஒரு பதிவைப் பிரிண்ட் எடுத்து அவளிடம் படிக்கக் கொடுத்தேன். நின்றபடியே படித்து முடித்தாள்.

“அந்தாளு பால்கனில நின்னா உங்களுக்கு இன்னாங்க? நம்ம தெருவுல பத்து நாளா தண்ணி வர்ல. அதுக்கு ஒரு மனு எழுதுங்க முதல்ல.”

உலகப் பார்வை இல்லாதவர்களோடு வாழ்வது கஷ்டம் என்று நினைத்துக்கொண்டேன். மனுவை அவளே எழுதிக் கொடுத்தாள், தண்ணீர் வந்துவிட்டது.

நான் எழுதும் முறையைச் சொல்லவேண்டும். எங்கள் கம்பெனியில் இணையம் உள்ள கம்ப்யூட்டர் ஒன்றுதான், அது மேனேஜரின் கண்ணாடி அறையில் இருந்தது. மேனேஜரை எல்லோரும் பாய் என்போம். வெள்ளிக்கிழமை பகல் ஒரு மணிக்குள் பாயும் ஆபீசில் முக்கால்வாசிப் பேரும் ஜும்மா தொழுகைக்குப் போய்விடுவார்கள். தொழுதுவிட்டு வீட்டில் சாப்பிட்டுத் திரும்ப இரண்டரை ஆகும். மற்றவர்கள் வெளியே புளியமரத்தடியில் டிபன் பாக்ஸைப் பிரிப்பார்கள். நான் சர்ச்சுக்குப் போகிறவன் என்பதால், போன் வந்தால் எடுக்கச் சொல்லி என்னை அந்த அறையில் உட்காரவைத்துவிட்டுப் போவார் பாய். அந்த ஒன்றரை மணி நேரம் அந்த நாட்டு அதிபருக்குக் கெட்ட நேரம். வாரமெல்லாம் பாக்கெட் நோட்டில் எழுதிவைத்ததை அடித்து ஏற்றிவிடுவேன். மற்ற நாட்களில் பள்ளிகொண்டா பிரவுசிங் சென்டரில் பின்னூட்டம் மட்டும் படிப்பேன், அங்கே தமிழ் அடிக்க வசதி கிடையாது.

மாட்டிக்கொள்ளாமல் இருக்கப் பெரிய ஒற்றன்போல எல்லா ஏற்பாடும் செய்திருந்தேன். எந்தெந்தப் பக்கம் பார்த்தேன் என்ற தடயத்தை ஒவ்வொரு முறையும் அழிப்பேன். ‘என்னைப் பற்றி’ என்ற இடத்தில் ‘ஐரோப்பாவில் வசிக்கும் தமிழர்’ என்று போட்டிருந்தேன். அதற்குப் பொருத்தமாக, குளிர்காலத்தில் பனி பெய்வதைப் பற்றி ஒரு வரி சேர்ப்பேன். அப்போது பக்கத்துத் தோல் பதனிடும் கம்பெனியின் சுண்ணாம்புத் தொட்டி வாடையில் மின்விசிறி சூடான காற்றைச் சுழற்றிக்கொண்டிருக்கும்.

எனக்கு ஒரே தலைவலி ஒரு அனானி. பெயர் போடாமல் பின்னூட்டம் எழுதுவார், ஆனால் ஒவ்வொன்றையும் ‘ஐரோப்பா ஐயா’ என்றே தொடங்குவதால் ஒரே ஆள்தான் என்று தெரியும். ஐரோப்பா ஐயா, அந்த நாட்டை நீங்கள் மேப்பிலாவது பார்த்திருக்கிறீர்களா? ஐரோப்பா ஐயா, ஆங்கிலத் தளத்தில் நேற்றே படித்துவிட்டேன், உங்கள் சரக்கு எங்கே? பத்துப் பேர் பாராட்டினாலும் இந்த ஒரு பின்னூட்டம்தான் பேருந்தில் பள்ளிகொண்டாவரை என்னோடு வரும்.

அந்த ஷூ கம்பெனியிலிருந்து வருடத்துக்கு இரண்டு தடவை ஒரு இன்ஸ்பெக்டர் வருவார். சரக்கின் தரத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவர். ஐம்பதை நெருங்கிய மனிதர், நரைத்த மீசை. தோலை விரலால் தடவிப் பார்த்தே, இது உண்ணி கடித்த தழும்பு, இது முள் கீறியது என்று ஒதுக்கிவிடுவார். அவருக்கும் எனக்கும் நடுவில் இருந்தது ஆங்கிலம். இரண்டு பேருக்குமே அது அரைகுறை என்பதால் நன்றாக ஒத்துப்போனது. மூன்று வாரத் தங்கலில் ஞாயிற்றுக்கிழமைகளில் அவரை வெளியே அழைத்துப்போவது என் பொறுப்பு.

ஒரு ஞாயிறு வேலூர்ப் பக்கம் அமிர்திக் காட்டுக்குப் போனோம். அருவியில் தண்ணீர் இல்லை, கூண்டில் மயில் மட்டும் சுறுசுறுப்பாக இருந்தது. பாறையில் உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிட்டபோது, அதுவரை அரசியலே பேசாதவர் தானாகப் பேச ஆரம்பித்தார். இலவச ஷூ எல்லா ஊருக்கும் போவதில்லை, அதிபருக்கு ஓட்டுப் போடாத ஊர்ப் பிள்ளைகளுக்குக் கிடையாது, தன் ஊர் அப்படிப்பட்ட ஊர் என்றார். வருடம் முழுக்க அந்த ஷூவைத் தரம் பார்த்து அனுப்பும் மனிதர், சொந்தத் தெருப் பிள்ளைகள் கிழிந்த ஷூவோடு பள்ளிக்கூடம் போவதைப் பார்க்கிறார். போன மாதம் ஊரே கிழிந்த ஷூக்களைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஊர்வலம் போனதாம். அவரும் போயிருக்கிறார்.

பர்சிலிருந்து ஒரு போட்டோவை எடுத்தார். கூட்டத்தில் இரண்டாவது வரிசையில் தலைக்குமேல் ஒரு சின்ன ஷூவைத் தூக்கியபடி அவர்.

இது வீட்டில் இருந்தால் ஆபத்து, கம்பெனிக்கு அரசாங்க ஆர்டர்தான் உயிர், நான் போனது தெரிந்தால் வேலை போய்விடும் என்றார். கிழித்துப்போடவும் மனசு வரவில்லையாம்.

“நீ வைத்துக்கொள். உலகத்திலேயே பத்திரமான இடம் உன் ஊர். இங்கே என்னை யாருக்கும் தெரியாது.”

சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அவர் தெருப் பிள்ளைகளை நினைத்து எனக்கு மனம் கசிந்தது, அது பொய்யில்லை. ஆனால் திரும்பி வரும் வழியில் ஜீப் குலுங்கக் குலுங்க என் மூளைக்குள் தலைப்புகள் ஓட ஆரம்பித்துவிட்டன என்பதும் பொய்யில்லை.

அவர் ஊருக்குக் கிளம்பும்வரை அடக்கிக்கொண்டிருந்தேன். ஆற்காடு மக்கன் பேடா ஒரு டப்பா கொடுத்து வழியனுப்பினேன். அந்த வாரம் அனானி எழுதியிருந்தார்: ஐரோப்பா ஐயா, அந்த நாட்டு ஆள் ஒருவரிடமாவது வாழ்நாளில் பேசியிருக்கிறீர்களா? எனக்கு ரத்தம் கொதித்தது. வெள்ளிக்கிழமை பாங்கு சொல்லி முடிவதற்குள் போட்டோவை ஸ்கேனரில் வைத்துவிட்டேன். என் நெருங்கிய நண்பர், அங்கே முக்கியமான பொறுப்பில் இருப்பவர், என்னை நம்பிச் சொன்னது என்று ஆரம்பித்து எழுதித் தீர்த்தேன். ஆதாரமாக அந்தத் திட்டத்தின் பெயரையும் அதிபரின் பெயரையும் ஊரின் பெயரையும் அவர்கள் எழுத்திலேயே போட்டேன். அங்கே யாருக்குத் தமிழ் தெரியப்போகிறது என்ற தைரியம். போட்டோவைப் பார்க்கத் தமிழ் தெரியவேண்டியதில்லை என்பது எந்த நிபுணனுக்கும் முதலில் தோன்றியிருக்கவேண்டும். எனக்குத் தோன்றவில்லை.

பாய் வழக்கம்போல இரண்டரைக்கு வந்தார். நான் என் மேசைக்குப் போய்விட்டேன். கால்மணி நேரத்தில் கண்ணாடியைத் தட்டிக் கூப்பிட்டார். உள்ளே போனால் திரையில் என் பதிவு, அதில் தலைக்குமேல் ஷூவோடு இன்ஸ்பெக்டர். பாயின் முகம் வெளுத்திருந்தது.

“உக்காரு தம்பி. இது நீதான்னு எனக்கு ஒரு வருஷமா தெரியும்.”

எப்படி பாய் என்று மட்டும் கேட்டேன்.

“நம்ம சரக்கு போற நாட்டப் பத்தி எவனோ தமிழ்ல எழுதுறானேன்னு படிக்க ஆரம்பிச்சேன். வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம ஒண்ணேகாலுக்கும் ரெண்டரைக்கும் நடுவுலதான் பதிவு வருது. பக்ரீத் வெள்ளிக்கெழம வந்துச்சு, கம்பெனி லீவு, அன்னிக்கு வர்ல. ஐரோப்பாவுல எந்த அரசியல் விமர்சகன் பக்ரீத்துக்கு லீவு போடுறான்? ஜும்மாவுக்குப் போவாம, இந்த பெல்ட்ல நெட் கம்ப்யூட்டர் முன்னால தனியா உக்காந்திருக்கறது யாரு?”

எல்லாத் தடயத்தையும் அழித்த ஒற்றன் கடிகாரத்தை மறந்திருந்தான். தொழுகைக்குப் போகாத நான், ஜும்மாவை அவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடித்திருக்கிறேன். பாய் சிரிக்கவில்லை. ஐரோப்பா ஐயா என்று எழுதியது தான்தான் என்றார். நீ நல்லாத்தான் எழுதுறே, சும்மா சீண்டிப் பார்த்தேன், நீ இப்படிச் செய்வாய் என்று நினைக்கவில்லை என்றார்.

“என்னாலயே உன்னக் கண்டுபிடிக்க முடிஞ்சுது. அவர கண்டுபிடிக்க எவ்ளோ நேரம் ஆவும்? மூஞ்சியே போட்டுட்டியே. இப்பவே எடுத்துடு.”

எடுத்துவிடுகிறேன் என்றேன். அதற்குள் கன்டெய்னர் வந்துவிட்டதென்று கேட்டிலிருந்து ஆள் வந்தது. சாயங்காலம் எடுத்துவிடுவதாகச் சொல்லி ஓடினேன். பாய் நம்பிவிட்டார்.

இதை எழுதக் கை கூசுகிறது. சாயங்காலம் நான் எடுக்கவில்லை. சனிக்கிழமை பள்ளிகொண்டா பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்தேன். ஒரு பொத்தானை அமுக்கினால் போதும், அதற்குத் தமிழ் அடிக்கவேண்டியதில்லை. ஆனால் எல்லோர் பதிவுகளையும் ஓரிடத்தில் காட்டும் வலைப்பதிவுத் திரட்டியின் முகப்பில் முதல் வரிசையில் என் பதிவு நின்றது. அவ்வளவு பின்னூட்டம் எனக்கு வந்ததே கிடையாது. நான் பொறாமைப்பட்டு வந்த பெரிய பதிவர் ஒருவர், ‘இதுதான் பத்திரிகைப் பணி’ என்று எழுதியிருந்தார். ஞாயிறு சர்ச் முடிந்து மறுபடி போய் அதையே மறுபடி படித்தேன். பாவ அறிக்கை செய்துவிட்டு நேராக அங்கேதான் போனேன். திங்கட்கிழமை காலை பாய் என் மேசைக்கு வந்து, எடுத்துட்டியா என்று கேட்டபிறகு அவர் கண்ணெதிரில் எடுத்தேன். மூன்று நாள் இருந்திருக்கிறது.

அதற்குப்பின் நான் எழுதவில்லை. வெள்ளிக்கிழமைகளில் அந்த அறையில் போன் மணியை எதிர்பார்த்துச் சும்மா உட்கார்ந்திருப்பேன். அந்த நாட்டிலிருந்து வரும் ஒவ்வொரு மின்னஞ்சலிலும் அடியில் இன்ஸ்பெக்டர் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பேன். இரண்டு மாதம் இருந்தது. பிறகு வேறொரு பெயர் வந்தது. பாயிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், அவ்வளவுதான்.

ஆறு மாதம் கழித்து இன்ஸ்பெக்டரே வந்தார், புதிதாக வந்தவரிடம் வேலையை ஒப்படைத்துப் போக. சாம்பிள் அறையில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தபோது பையிலிருந்து நான்காக மடித்த காகிதங்களை எடுத்து மேசைமேல் விரித்தார். என் பதிவு, பிரிண்ட் எடுத்தது. கம்பெனியில் இதை அவர்முன் போட்டு என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார்களாம். எனக்கு இந்த மொழி தெரியாது என்றாராம். அது உண்மைதான். அவரை இன்ஸ்பெக்ஷனிலிருந்து எடுத்துக் கிடங்கில் சாமான் எண்ணப் போட்டிருந்தார்கள்.

“போட்டோ உன்னிடம் மட்டும்தான் இருந்தது. அது தெரியும். எழுத்தை நீயே படித்துச் சொல்.”

படித்தேன். ஒவ்வொரு வரியாகத் தமிழில் பார்த்து என் ஆங்கிலத்தில் சொன்னேன். முதல் பக்கம் முழுக்க நான் இருந்தேன். நான் எப்படி முன்பே கணித்தேன், மற்றவர்கள் எப்படிக் கோட்டைவிட்டார்கள், என்னை நம்பி எப்படிப்பட்டவர்கள் பேசுகிறார்கள். அவருடைய ஊர்ப் பிள்ளைகள் இரண்டாம் பக்கத்தின் நடுவில் நான்கு வரியில் வந்து போனார்கள். தாண்டிப் போய்விடலாமா என்று இரண்டு இடத்தில் நினைத்தேன். அவர் விரலை வரியின்மேல் வைத்து, தோல் பார்ப்பதுபோல, ஒன்றன்கீழ் ஒன்றாக நகர்த்திக்கொண்டே வந்தார். எதையும் விடமுடியவில்லை. முடித்ததும் என்னை மன்னித்துவிடுங்கள் என்றேன். அழுதுவிட்டேன், வெட்கமாக இருந்தது.

அவர் அசல் போட்டோவைக் கேட்டார். இனிமேல் அதை ஒளித்துவைக்கவேண்டிய அவசியமில்லை என்றார். என் மேசை டிராயரிலிருந்து எடுத்துவந்து கொடுத்தேன். அதைப் பிரிண்டின் பக்கத்தில் வைத்து, போட்டோவின் இடது ஓரத்தைத் தொட்டுக் காட்டினார். அங்கே அவருடைய தோளை ஒட்டி ஒரு பெண், அவள் கையிலும் ஒரு ஷூ. என் பதிவில் அந்த ஓரம் இல்லை.

“என் மனைவி. அரசாங்கப் பள்ளியில் டீச்சர். படத்தில் இவள் முகமும் தெரிந்திருந்தால் வீட்டில் இரண்டு சம்பளமும் போயிருக்கும். நீ இவளை மட்டும் வெட்டியிருக்கிறாய். அதைப் பார்த்துத்தான் நான் உன்னிடம் பேச வந்தேன். நன்றி.”

என் வலைப்பதிவுப் பக்கத்தின் அகலத்துக்கு அந்தப் போட்டோ பெரிதாக இருந்தது. ஒரு ஓரத்தை வெட்டினால்தான் உள்ளே அடங்கும், இடதா வலதா என்று யோசித்து இடதை வெட்டினேன். அங்கே ஒரு பெண் நிற்கிறாள் என்றுகூட நான் கவனித்திருக்கவில்லை. இதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவர் கையை நீட்டினார். நான் ஒன்றும் சொல்லாமல் அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினேன்.